கொரியாவுக்குப் புறப்படும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கொரிய மொழி படிக்கும் பிள்ளைகளை இப்போது ஊருக்கு ஊர் காணலாம். சோதனை சித்தியாகி ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சிலர் என் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். "அண்ணை, அங்கை எப்பிடி நடந்துகொள்ள வேணும்?" என்று கேட்பார்கள். நான் கிம்ஹே பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் 4 வருடமும் 10 மாதமும் வேலை செய்துவிட்டு வந்தவன். வகுப்பில் சொல்லும் இலக்கணமும் படிப்பிப்பார்கள். தலையை எப்படி ஆட்டுவது, கோழி எலும்பை எந்தப் பையில் போடுவது என்று படிப்பிப்பதில்லை. முதல் 3 மாதத்தில் எனக்கு வந்த வில்லங்கம் முழுக்க அந்தச் சின்ன விஷயங்களால்தான் வந்தது. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

1. ஈ-9 விசாவில் கொரியாவுக்குப் போக ஒரே வழிதான் உண்டு. அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். இரண்டு அரசாங்கங்களும் 2004இல் செய்துகொண்ட ஒழுங்கு இது. தனியார் முகவருக்கு இதில் இடமே இல்லை. "பெயரை மேலே ஏற்றித் தாறேன்" என்று எவர் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். காணி உறுதியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

2. சோதனை சித்தி என்றால் வேலை நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். பெறுபேறு 2 வருடம் செல்லும். அதற்குள் அங்குள்ள முதலாளி ஒருவர் பட்டியலில் உங்களைத் தெரிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வரும்வரை பார்க்கிற வேலையை விடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள்.

3. ஒப்பந்தத்தில் 5 விஷயங்களை விரல் வைத்து வாசியுங்கள்: எந்தத் துறை, எந்த ஊர், வேலை நேரம், சம்பளம், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வெட்டும் காசு. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தங்குமிடம் எப்படிப்பட்டது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 2020 டிசெம்பரில் போச்சொனில், பொலித்தீன் கூடாரத்துக்குள் அமைத்த தங்குமிடத்தில் கடுங்குளிர் நாளொன்றில் கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அப்படியான இடத்தில் ஆள் வைக்கும் முதலாளிக்கு அனுமதி இல்லை என்று அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.

4. பயணப் பெட்டியில் இறைச்சி, விதை, கறிவேப்பிலைக் கன்று, பச்சைப் பழம் எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் பிடிபட்டால் தண்டம் பெரிது. வறுத்து அரைத்த கறித்தூள் போதும்.

5. போய் இறங்கி 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை எடுக்க வேண்டும். பெரும்பாலும் கொம்பனியே செய்து தரும். ஆனால் நாள் எண்ண வேண்டியது நீங்கள். வீடு மாறினால் இரண்டு கிழமைக்குள் அறிவியுங்கள். அட்டையும் கடவுச்சீட்டும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்.

6. கொரிய மொழியில் "நே" என்றால் ஆம். சிங்களத்தில் "நே" என்றால் இல்லை. சிங்களம் கொஞ்சம் தெரிந்த எங்களுக்கு இது பெரிய தலையிடி. முதல் கிழமை மேற்பார்வையாளர் "நே, நே" என்று சொல்லச் சொல்ல, செய்யாதே என்கிறார் என்று நினைத்து நான் இயந்திரத்தை நிறுத்தினேன். மனிசன் தலையில் கைவைத்தார். இல்லை என்பதற்கு "அனியோ". இந்த இரண்டையும் விமானத்தில் ஏற முன்னரே வாய்க்குள் உருட்டிப் பழகுங்கள்.

7. எங்கள் தலையாட்டலை அங்கே யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். "ஓம், சரி" என்பதற்கு நாங்கள் தலையை ஒரு பக்கம் சரித்து ஆட்டுவோம் அல்லவா? கொரியருக்கு அது "இல்லை" அல்லது "எனக்கென்ன" என்பது போலத் தெரியும். ஒருநாள் மேற்பார்வையாளர் அச்சு மாற்றும் முறையைக் காட்டிவிட்டு, விளங்கினதா என்று கேட்டார். நான் தலையைச் சரித்தேன். திரும்பவும் காட்டினார். திரும்பவும் சரித்தேன். மூன்றாம் தரம் குரல் உயர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற கண்டிச் சிங்களப் பெடியன்தான் ஓடிவந்து, "மச்சான், மேலும் கீழும் ஆட்டு, வாயாலும் நே எண்டு சொல்லு" என்றான். அதைச் செய்ததும் அந்த மனிசனின் முகமே மாறிவிட்டது. கண்ணாடிக்கு முன் நின்று பழக வேண்டிய பாடம் இது. இருபது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகாது.

8. தமிழ் தெரிந்தவனுக்குக் கொரிய வசனம் லேசு. "ஜிபே கயோ" என்றால் "வீட்டுக்குப் போறேன்". ஜிப் வீடு, ஏ என்பது எங்கள் "கு" உருபு, வினை கடைசியில். ஆங்கிலம் போலத் தலைகீழாக மாற்றத் தேவையில்லை. அம்மாவுக்கு "ஒம்மா", அப்பாவுக்கு "அப்பா", புல்லுக்குப் "புல்". ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905 அளவிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்று மொழியியலாளர் ஏற்பதில்லை. உறவு இருக்கோ இல்லையோ, படிக்கிறவனுக்கு அந்த வசன ஒழுங்கு பெரிய உதவி. சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதிப் படியுங்கள்.

9. எங்கள் ஊரில் பெரியவரைப் பார்த்து "நீ" என்று சொல்வோமா? அங்கேயும் அப்படித்தான். "நோ" என்றால் நீ. அதைச் சிநேகிதனோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. முதலாளி "சாஜங்நிம்", குழுத் தலைவர் "பன்ஜங்நிம்". "நிம்" எங்கள் "ஐயா" மாதிரி. வசனத்தின் கடைசியில் வரும் "யோ"வை விட்டால் மரியாதை விட்டுப்போகும். எங்கள் "வாங்கோ"வில் "ங்கோ"வை விட்டது போல.

10. முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். கோபிக்காதீர்கள். யார் மூத்தவர் என்று தெரிந்தால்தான் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியும். முன்பு பிறந்தவுடன் ஒரு வயது, புதுவருடத்தோடு இன்னொரு வயது என்று எண்ணுவார்கள். 2023 ஜூனில் சட்டம் மாறி, அரச அலுவல்களில் எங்களைப் போலவே எண்ணுகிறார்கள். பிறந்த ஆண்டைச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

11. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும் செய்யுங்கள். வலக்கையால் கொடுத்து இடக்கையால் முழங்கையைத் தாங்குவதும் சரி. கோவிலில் விபூதி வாங்கும்போது வலக்கைக்குக் கீழ் இடக்கையை வைப்போமே, அந்த நினைவு வந்தால் போதும். ஆளைக் கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்கட்டும். ஒருவரின் பெயரைச் சிவப்பு மையால் எழுத வேண்டாம். சாவோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

12. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தரைதான் புதிது. நிலத்துக்குக் கீழே சுடுநீர்க் குழாய் ஓடும். அதற்குப் பெயர் "ஒன்தோல்". மாரியில் வேலைக்குப் போகும்போது பொயிலரை முழுக்க நிறுத்தாதீர்கள். "வேசுல்" என்று ஒரு நிலை உண்டு. வெளியே போகும்போது அதில் விடுங்கள். கடுங்குளிர் இரவில் குழாயை நூல் போலத் தண்ணீர் ஓடுமளவுக்குத் திறந்து விடுங்கள். மூடினால் குழாய் உறைந்து வெடிக்கும். அறைக்குள் கற்பூரம் கொளுத்துவதும், கதவை மூடிக்கொண்டு செத்தல் மிளகாய் தாளிப்பதும் வேண்டாம். புகை மணி அடித்துக் கட்டடமே வெளியே ஓடிவரும்.

13. குப்பை. இதை இரண்டு தரம் வாசியுங்கள். வன்னியில் வளவுக்குள் கிடங்கு வெட்டிப் போடுவோம், அல்லது கூட்டிக் கொளுத்துவோம். அங்கே 1995இலிருந்து குப்பைக்குக் காசு. அந்தந்த நகரசபையின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி அதில்தான் போட வேண்டும். ஒரு நகரத்துப் பை இன்னொரு நகரத்தில் செல்லாது. சாதாரண சொப்பிங் பையில் கட்டிப் போட்டால் கமரா பார்த்துத் தண்டம் வரும்.

சாப்பாட்டுக் கழிவு வேறு. மிருகம் தின்னக்கூடியது மட்டும்தான் சாப்பாட்டுக் கழிவு என்று நினைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. சோறு, மரக்கறி, பழத்தோல் அதில் போகும். கோழி எலும்பு, நண்டுக் கோது, முட்டைக் கோது, வெங்காயத் தோல், மாங்கொட்டை, தேயிலைச் சக்கை எல்லாம் பொதுக் குப்பைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறி வைத்துவிட்டுக் கோது முழுவதையும் சாப்பாட்டுக் கழிவு வாளியில் கொட்டிவிட்டேன். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு ஆச்சி என் கதவைத் தட்டினார். ரப்பர் கையுறை போட்ட கையில் ஒரு நண்டுக் கால். அதை என் முகத்துக்கு முன்னே பிடித்து, தன் பல்லைத் தட்டிக் காட்டி, "அனியோ" என்றார். பன்றி இதைக் கடிக்குமா என்று கேட்கிறார் என்று விளங்கியது. பிறகு தானே வாளிக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு கோதாகப் பொறுக்கி வேறு பையில் போட்டுக் காட்டினார். நானும் குந்திப் பொறுக்கினேன். அன்றிலிருந்து பிழை விடவில்லை. அந்த ஆச்சி பிறகு எனக்குக் கிம்சி கொண்டுவந்து தருவார்.

தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டிய தாளை உரித்து, நசித்து, மூடி பூட்டிப் போட வேண்டும். பழைய மெத்தை, கதிரை என்றால் நகரசபையின் ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டாமல் வீதியில் வைக்க முடியாது.

14. சாப்பாட்டு மேசையில் மூத்தவர் கரண்டி எடுத்த பிறகுதான் நாங்கள் எடுக்க வேண்டும். சோறும் சூப்பும் கரண்டியால், மற்றக் கறிகள் குச்சியால். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்குவதில்லை. குச்சியைச் சோற்றில் நட்டு வைக்கவே கூடாது. செத்தவர் படையலில் செய்வது அது. மேசையில் மூக்குச் சீறுவதும் அருவருப்பு. கையால் பிசைந்து சாப்பிடுவதை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தாராளமாகச் சாப்பிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

15. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மச்சம் சாப்பிடாதவர்கள் கவனம். மரக்கறிச் சூப் என்று தருவதிலும் நெத்தலி அவித்த தண்ணீர் இருக்கும். கிம்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட கூனி இறாலோ சேரும். "கோகி பேகோ ஜுசெயோ" என்றால் இறைச்சி இல்லாமல் தாருங்கள் என்று அர்த்தம்; மீன் அதில் அடங்காது. மாட்டிறைச்சி "சோகோகி", பன்றி "துவேஜிகோகி", கோழி "தக்கோகி". கடுமையான விரதக்காரர் தாங்களே சமைப்பதுதான் வழி.

16. வேலை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் "ஹுவேசிக்"குக் கூப்பிட்டால் போங்கள். குடிக்காதவர் குடிக்கத் தேவையில்லை. முதலிலேயே மரியாதையாகச் சொல்லி, கோப்பையில் சோடா வைத்திருங்கள். மற்றவரின் கோப்பையை இரண்டு கையாலும் நிரப்புங்கள். பெரியவருக்கு முன்னால் குடித்தால் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும்.

17. 8.30 வேலை என்றால் 8.20க்கு உடுப்பு மாற்றி நிற்க வேண்டும்.

18. அங்கே வாகனம் வலப்பக்கத்தால் ஓடும். வீதியைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். ஏ9 வீதியில் வளர்ந்த கண் வலப்பக்கம்தான் முதலில் திரும்பும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 2021 மே மாதத்திலிருந்து லைசென்ஸ் கட்டாயம். ரயிலில் முதியோருக்கான இருக்கை வெறுமையாக இருந்தாலும் உட்கார வேண்டாம். பஸ்ஸில் போனில் உரத்துப் பேச வேண்டாம். பெண்களையோ பிள்ளைகளையோ அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுத்தால் பொலிஸ், வழக்கு, நாடுகடத்தல் வரை போகும்.

19. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய்ப் பொறுக்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே மலைக்கும் உடையவர் உண்டு. விழுந்து கிடக்கும் செஸ்நட் கொட்டையையும் கீரையையும் கேட்காமல் எடுத்தால் வழக்கு வரலாம்.

நெருப்பில் இன்னும் கவனம் தேவை. 2018 ஒக்டோபரில் கோயாங் நகரத்தில், அருகிலிருந்த பாடசாலை நிகழ்வில் விட்ட வானக்கூண்டு ஒன்று விழுந்து கிடக்க, எங்கள் நாட்டுப் பெடியன் ஒருவன் அதை எடுத்துக் கொளுத்திப் பறக்கவிட்டான். அது எண்ணெய்க் களஞ்சியத்தின் புல்லில் விழுந்து தாங்கி வெடித்தது. ஒரு நிமிட ஆசை, வருடக்கணக்காக வழக்கு. 2025 மார்ச்சில் வட கியோங்சாங் மாகாணத்தைச் சுட்டெரித்துப் பல உயிர்களைக் கொண்டுபோன காட்டுத்தீயும் ஒரு கல்லறையைத் துப்புரவாக்கப் போன இடத்தில்தான் தொடங்கியது. தோட்டத்தில் சருகு கொளுத்தச் சொன்னாலும், அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

20. சம்பளம். சட்டப்படியான குறைந்த சம்பளம் 2025இல் மணித்தியாலத்துக்கு 10,030 வொன், 2026இல் 10,320 வொன். கிழமைக்கு 40 மணித்தியால வேலை என்றால், சம்பளத்தோடு வரும் வார விடுமுறையும் சேர்த்து மாதம் 209 மணித்தியாலக் கணக்கு. வெளிநாட்டவர் என்று குறைக்க முடியாது. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு உண்டு. ஆனால் 5 பேருக்குக் குறைந்த இடத்திலும், விவசாயம், மீன்பிடி வேலையிலும் அந்தக் கூடுதல் சட்டப்படி கிடையாது. இதைத் தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு. தோட்ட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை முன்னரே கணக்குப் பாருங்கள்.

2021 நவம்பரிலிருந்து சம்பளத் துண்டு கொடுப்பது கட்டாயம். அதை வாங்கி வையுங்கள். அதோடு ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று எழுதுங்கள். ஒருமுறை எனக்கு இரவு வேலைக் காசு குறைந்து வந்தது. வாயால் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது கணக்காளர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார். வீட்டுக்குக் காசு அனுப்புவது வங்கியால் மட்டும்.

21. வேலை இடத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. முதல் 3 வருடத்தில் 3 தரம்தான், அதுவும் காரணத்தோடு. பழைய இடத்தை விட்டால் 1 மாதத்துக்குள் வேலைவாய்ப்பு நிலையத்தில் விண்ணப்பித்து, 3 மாதத்துக்குள் புது இடம் எடுக்க வேண்டும். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகப் போனால், முதலாளி "ஓடிவிட்டான்" என்று அறிவிப்பார். விசா போய்விடும்.

22. அடி, ஏச்சு, அவமானம் எதையும் "விதி" என்று பொறுக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் நாஜு நகரத்துச் செங்கல் தொழிற்சாலை ஒன்றில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல் கட்டோடு சேர்த்துக் கட்டி, ஃபோர்க்லிஃப்டில் தூக்கிச் சிரித்தார்கள். ஜூலையில் அந்தக் காணொளி வெளிவந்தது. சனாதிபதி லீ ஜே-மியோங்கே கண்டித்தார். காணொளி இருந்தபடியால்தான் நாடு பார்த்தது. ஆகவே படம், குரல் பதிவு, செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வேலையில் காயம் பட்டால் "அபயோ" என்று சொல்லுங்கள். நோகிறது என்று அர்த்தம். வைத்தியரிடம் வேலை இடத்தில்தான் காயப்பட்டது என்று சொல்லி எழுதுவியுங்கள். கட்டிலால் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். தொழில் விபத்துக் காப்புறுதி அந்த ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது.

23. ஊர் திரும்பும்போது 3 காசு உங்களுடையது: முதலாளி மாதாமாதம் கட்டிய புறப்பாட்டுக் காப்புறுதி, நீங்கள் கட்டிய பயணச் செலவுக் காப்புறுதி, தேசிய ஓய்வூதியத்தின் மொத்தத் தொகை. முதலாவது, ஒரே இடத்தில் ஒரு வருடமாவது வேலை செய்தவருக்கு. கேட்காவிட்டால் ஒன்றும் தானாக வீடு தேடி வராது. புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

24. இந்த இலக்கங்களை இன்றைக்கே போனில் பதியுங்கள். பொலிஸ் 112. தீயணைப்பும் அம்புலன்சும் 119. விசா, பதிவு அட்டை பற்றிக் கேட்க 1345. சம்பளம், தொழில் சட்டம் 1350. வெளிநாட்டுத் தொழிலாளர் ஆலோசனை நிலையம் 1577-0071. போனில் மட்டும் இருந்தால் போதாது. போன் தொலையலாம், சார்ஜ் இறங்கலாம். ஒரு துண்டில் எழுதிக் காசுப்பைக்குள்ளும் வையுங்கள், இன்னொன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.